வழமைபோல நிறுவவும்

அக்கரப்பத்தனை
13.02.2006

மதிப்புக்குரிய சுகிர்தன் சேருக்கு,

நானும் அம்மாவும் சுகம். நோர்வேயில் நீங்களும் வீட்டாரும் சளி, காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும்.

என் பெயர் நிஷாந்தி. வயது பதினெட்டு. பள்ளிக்கூடம் முடித்துவிட்டேன். நீங்கள் எழுதிய ‘அடுக்கு’ நிரல் நூலகத்தின் ரசிகை நான். சினிமாவுக்கு ரசிகைகள் இருக்கிறார்களே, அதே மாதிரிதான். 0.1 முதல் 0.6 வரை எந்தப் பதிப்பில் என்ன மாறியது என்று கேளுங்கள், பார்க்காமல் சொல்கிறேன். 0.4இல் ஔகாரத்தைச் சரிசெய்தீர்களே, அந்த ஏழு வரிகளைப் படித்துவிட்டு இங்கே கம்ப்யூட்டர் நிலையத்தில் கைதட்டிவிட்டேன். நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜீவராஜ் அண்ணன், “ஏம்மா, கிரிக்கெட்டா ஓடுது?” என்று எட்டிப் பார்த்தார்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து வாசகசாலைப் புத்தகங்களுக்குப் பட்டியல் போடும்போதுதான் உங்களைக் கண்டுபிடித்தேன். அகரவரிசைப்படி அடுக்கச் சொன்னால் கம்ப்யூட்டர் ‘கனவு’ முன்னால், ‘கவிதை’ பின்னால் என்று தன் இஷ்டத்துக்கு அடுக்கியது. தமிழை யாராவது தமிழ் முறைப்படி அடுக்கியிருக்கிறார்களா என்று இணையத்தில் தேடினேன். நீங்கள் அடுக்கியிருக்கிறீர்கள். அதையும் யார் வேண்டுமானாலும் தங்கள் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளலாம் என்று சும்மா கொடுத்திருக்கிறீர்கள்.

ஒரே ஒரு குறை சேர். கோபிக்க வேண்டாம். உங்கள் கையேட்டில், அதைக் கம்ப்யூட்டரில் நிறுவுவதைப் பற்றி இருப்பது இரண்டே சொற்கள்: ‘வழமைபோல நிறுவவும்.’ எந்த வழமை சேர்? யாருடைய வழமை? எனக்கு அந்த வழமையைக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது.

உங்கள் பதிலுக்கு வாசல் பார்த்திருக்கும்,
சோ. நிஷாந்தி


பேர்கன்
03.03.2006

அன்புள்ள நிஷாந்தி,

வணக்கம். நாங்கள் சுகம். உங்கள் தாயாரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

உங்கள் மின்னஞ்சலுக்குப் பதில் பிந்தியதற்கு மன்னிக்கவும். பகலில் ஒரு பேருந்து நிறுவனத்துக்கு நேர அட்டவணை மென்பொருள் எழுதுகிறேன். ‘அடுக்கு’ ஓய்வு நேரத்தில் தனியாகச் செய்வது. ஏழு வருடத்தில் இதைப் பற்றி எனக்கு எழுதிய மூன்றாவது ஆள் நீங்கள். மற்ற இருவரும் பிழை சொல்ல எழுதியவர்கள். நீங்களும் பிழைதான் சொல்லியிருக்கிறீர்கள், ஆனால் கைதட்டிவிட்டுச் சொல்லியிருக்கிறீர்கள்.

கையேடு மோசம் என்பது தெரியும். நிரல் எழுதியவனுக்கு எது தெரியாது என்பதே தெரியாது. நீங்கள் எழுதித் தந்தால் போடுகிறேன்.

அன்புடன்,
சுகிர்தன்


அக்கரப்பத்தனை
06.03.2006

அன்புள்ள சுகிர்தன் அண்ணாவுக்கு (சேர் என்று எழுதினால் பள்ளிக்கூட ஞாபகம் வருகிறது),

சுகம். உங்கள் சுகமும் அப்படியே என்று நம்புகிறேன். இங்கே இரண்டு நாளாக மழை விடவில்லை.

எழுதிவிட்டேன். முதல் அத்தியாயம், நிறுவுதல், பதினொரு படிகள். இத்துடன் இருக்கிறது. ஒவ்வொரு படியையும் இதுவரை நானே ஒன்பது தடவை செய்து பார்த்திருக்கிறேன். ஆசைக்காகச் செய்ததல்ல. இங்குள்ள மெஷினை அணைத்தால் நாம் உள்ளே போட்டதெல்லாம் அழிந்து, மறுநாள் புதுசாக நிற்கும். யாரும் கெடுத்துவிடக் கூடாது என்று அப்படிப் பூட்டி வைத்திருக்கிறார்கள். பென் டிரைவும் போடக் கூடாது, வைரஸ் வருமாம். ஆகவே தினமும் பைத்தன் நிரல்மொழி தொடங்கி எல்லாவற்றையும் இணையத்திலிருந்து திரும்ப இறக்கி, திரும்ப நிறுவ வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கீழே போய்விடும். கிழமை நாட்களில் இங்கே ஆள் வருவதில்லை. நான் மூன்று மணித்தியாலம் இருப்பேன். அதனால் பரவாயில்லை.

ஜீவராஜ் அண்ணனிடம் படித்துப் பார்க்கக் கொடுத்தேன். நான்காம் படியில் நின்றுவிட்டார்.

“இந்த எடத்துல கறுப்பா ஒண்ணு வருதே, மெஷின் போச்சா?”

“போவல அண்ணே. அது அப்படித்தான் வரும்.”

“அத எழுதுனா என்ன? எனக்கு நெஞ்சு அடிக்குது.”

அதனால்தான் நான்காம் படியில் ‘இப்போது கறுப்புத் திரை வரும். பயப்பட வேண்டாம்’ என்று சேர்த்திருக்கிறேன்.

அன்புத் தங்கை,
நிஷாந்தி


பேர்கன்
20.03.2006

அன்புள்ள நிஷாந்திக்கு,

நலம். அங்கே மழை விட்டிருக்கும் என நினைக்கிறேன். இங்கே விடவில்லை. பேர்கனிலும் மழைதான் தொழில்.

அத்தியாயத்தைப் படித்தேன். நல்லாயிருக்கிறது. ஒன்றை மட்டும் வெட்டினேன்: ‘பயப்பட வேண்டாம்.’ தொழில்நுட்பக் கையேட்டில் அப்படி எழுதுவதில்லை. வெட்டிவிட்டு, சரிதானே என்று என் மனைவி ரோகினியிடம் காட்டினேன்.

“ஏன் வெட்டினனீங்கள்?” என்றா.

“கையேட்டுக்கு அது பொருந்தாது.”

“உங்கடை கறுப்புத் திரையைக் கண்டு நான் பத்து வருசமாப் பயந்துகொண்டிருக்கிறன். ஒருத்தரும் எனக்கு இதைச் சொல்லேல்லை. திருப்பிப் போடுங்கோ.”

திருப்பிப் போட்டுவிட்டேன். நேற்று வெளியிட்டாயிற்று. அத்தியாயத்தின் கீழே ‘எழுதியவர்: சோ. நிஷாந்தி, அக்கரப்பத்தனை’ என்று இருக்கிறது. பார்க்கவும்.

சுகிர்தன்


அக்கரப்பத்தனை
22.03.2006

அன்புள்ள அண்ணாவுக்கும் ரோகினி அண்ணிக்கும்,

இருவரும் நீடூழி நல்லாயிருக்க வேண்டும். அண்ணி இரண்டு மடங்கு.

பார்த்தேன். பக்கத்தை மூடிவிட்டுத் திரும்பத் திறந்தேன், இருக்கிறதா என்று. இருந்தது. பக்கத்து மெஷினில் திறந்தேன். அதிலும் இருந்தது. ஜீவராஜ் அண்ணன், “போதும்மா, பேர் தேஞ்சிரப் போகுது” என்றார். தோட்டத்துப் பதிவுகளில், பள்ளிக்கூட வரவு டாப்பில் தவிர என் பெயரை நான் வேறு எங்கேயும் அச்செழுத்தில் கண்டதில்லை. இது நான் செய்த ஒன்றின் கீழே இருக்கிறது.

இரண்டாம் அத்தியாயத்தையும் நான்தான் எழுதுவேன். யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். நிறுவிய பிறகு என்ன செய்வது, பெயர்ப்பட்டியலை எப்படி அடுக்குவது, எல்லாம் மனதில் இருக்கிறது. அப்புறம் மூன்று, நான்கு. கையேடு முழுவதையும் எழுதி முடித்தால், வேலை கேட்டுப் போகும் இடத்தில் ‘இது நான் எழுதியது’ என்று காட்டுவேன். கொழும்பில் கம்ப்யூட்டர் கம்பனியில் அதைப் பார்த்தால் உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்க மாட்டார்களா அண்ணா? எனக்கு வேறு எந்த ஆசையும் இல்லை. இது ஒன்றுதான்.

சித்திரை வருடப் பிறப்புக்கு முன் அனுப்பிவிடுவேன். அம்மாவுக்கு முழங்கால் கொஞ்சம் சரியில்லை. மற்றபடி சுகம்.

நிஷாந்தி


பேர்கன்
30.04.2006

அன்புள்ள நிஷாந்திக்கு,

புது வருடம் நல்லபடி பிறந்திருக்கும். தாயாரின் முழங்கால் எப்படி?

இரண்டாம் அத்தியாயம் இன்னும் வரவில்லை. அவசரப்படுத்தவில்லை, ஆனால் 1.0 பதிப்பை ஜூலையில் வெளியிட நினைக்கிறேன். நல்ல செய்தியும் உண்டு. மலேசியாவிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். நான்காம் படிக்கு வந்ததும் சிரித்தாராம். ஏழு வருடத்தில் என் பக்கத்தைப் பார்த்து ஒருவர் சிரித்தது இதுதான் முதல் தடவை.

சுகிர்தன்


அக்கரப்பத்தனை
14.05.2006, ஞாயிறு

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். அங்கேயும் அப்படியே என நம்புகிறேன். அம்மா இப்போது வீட்டில்தான் இருக்கிறார். ஓய்வு.

முதல் அத்தியாயத்துக்கு இரண்டு திருத்தங்கள். ஆறாம் படியில் இணையம் அறுந்தால் ஏழுக்குப் போகக் கூடாது, இரண்டுக்குத் திரும்ப வேண்டும். ஒன்பதாம் படியில் கோப்பின் பெயருக்கு நடுவில் இடைவெளி இருந்தால் வேலை செய்யாது.

இரண்டாம் அத்தியாயம் வரும். கொஞ்சம் வேலை. இனி ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதுகிறேன்.

தட்டச்சில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஜீவராஜ் அண்ணன் பின்னால் நின்று, “கையக் கழுவிட்டு வாம்மா, கீபோர்டெல்லாம் கறுக்குது” என்கிறார்.

“கழுவிட்டுத்தாண்ணே வந்தேன்.”

நேரமாகிவிட்டது. அடுத்த ஆள் நிற்கிறார்.

நிஷாந்தி


பேர்கன்
25.06.2006

நிஷாந்திக்கு,

சுகம் என நம்புகிறேன்.

வெளிப்படையாகவே எழுதுகிறேன். மே மாதத்திலிருந்து முதல் அத்தியாயத்துக்கு ஏழு திருத்தங்கள் அனுப்பியிருக்கிறீர்கள். எல்லாம் சரியான திருத்தங்கள். ஆனால் இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு வரியும் இல்லை. நிறுவுவதையே திரும்பத் திரும்ப மெருகூட்டி என்ன பயன்? வீட்டு வாசலைக் கூட்டிக்கொண்டே நின்று உள்ளே போகாத மாதிரி இருக்கிறது.

இப்படிப் பலரைக் கண்டிருக்கிறேன். துள்ளிக்கொண்டு வருவார்கள், பிறகு அலுத்துவிடும். குற்றமில்லை, இது சம்பளமில்லாத வேலை. மலேசியாக்காரர் இரண்டாம் அத்தியாயத்தைத் தான் எழுதவா என்று கேட்கிறார். கொடுத்துவிடட்டுமா? ஒரு வரி பதில் போதும்.

சுகிர்தன்


அக்கரப்பத்தனை
02.07.2006

சுகிர்தன் சேருக்கு வணக்கம். நல்லா இருக்கீங்கதானே.

நான் ஜீவராஜ், இங்க கம்ப்யூட்டர் நெலயத்தப் பாத்துக்கிறவன். நிஷாந்திக்குத் தெரியாம எழுதுறேன். எனக்கு ஒங்க மாதிரி எழுத வராது, பேசுற மாதிரியே எழுதுறேன், கோவிச்சிக்கிறாதீங்க.

இன்னைக்கு ஒங்க கடிதத்த அந்தப் புள்ள படிச்சிச்சி. எந்திரிச்சிப் போயிருச்சி. இன்னும் இருபது நிமிஷம் பாக்கி இருந்திச்சி சேர். அது ஒரு நிமிஷத்தக்கூட விட்டுட்டுப் போற புள்ள இல்ல.

அவங்க அம்மா காளியாயிக்கு முழங்காலு போயிருச்சி. மார்ச் கடைசில வேலப் பதிவுல பேர வெட்டிட்டாங்க. எங்க தோட்டத்துல வீட்டுக்கு ஒருத்தராவது பேர் பதிஞ்சி வேல செய்யணும், இல்லாட்டி இருக்கிற வீட்ட, லயத்துக் காம்பராவ, விட்டுறணும். அப்பா சோலைமல செத்து ஆறு வருஷமாச்சி. வேற யாரு இருக்கா? ஏப்ரல்ல இது போயி பேரப் பதிஞ்சிருச்சி. இப்பத் தேயிலக் கொழுந்து எடுக்குது, கையெல்லாம் கற. ஞாயித்துக்கெழம மட்டுந்தான் வரும். அன்னைக்கி இங்க கூட்டம், ஆளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல குடுக்க எனக்கு அனுமதி இல்ல.

எங்க மெஷின் கத ஒங்களுக்குத் தெரியும். மொதல்ல இருந்து எல்லாத்தயும் எறக்கிப் போட்டு முடிக்க அம்பத்தஞ்சி நிமிஷம். கடைசிப் படி முடியுது, பின்னாடி அடுத்த ஆளு வந்து நிக்குது. ஒவ்வொரு ஞாயிறும் இதேதான் சேர். இந்தப் புள்ளைக்கு அலுக்கல. செஞ்சி பாக்காம அது ஒரு வரி எழுதாது, உள்ள போகவே கெடைக்கல.

நா சொன்னேன், “அவருகிட்டச் சொல்லிருமா”ன்னு. “சொன்னா பாவம்னு எழுதுவாருண்ணே. இப்ப சண்ட போட்டு எழுதுறாரு, அது நல்லா இருக்கு”ன்னு சொல்லிச்சி.

இப்படிக்கு,
ஜீவராஜ்


அக்கரப்பத்தனை
20.08.2006, ஞாயிறு

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? இது வழக்கத்துக்காகக் கேட்பதல்ல. ஏழு ஞாயிறாக உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. சண்டை மூண்டு யாழ்ப்பாணத்துப் பாதை மூடிவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். அண்ணியின் பேச்சை வைத்து நீங்களும் அந்தப் பக்கம் என்று நினைக்கிறேன். அங்கே உங்கள் அப்பா, அம்மா இருக்கிறார்களா? தொலைபேசியில் பேச முடிகிறதா? ரோகினி அண்ணியின் வீட்டாரும் சுகமா?

நீங்கள் ஒரு வரி பதில் கேட்டீர்கள். ஏழு ஞாயிறாக நான் அதை எழுதவில்லை. எழுதினால் அது ‘கொடுத்துவிடுங்கள்’ என்றுதான் இருக்க வேண்டும். அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்து பார்த்தேன். பிறகு அழித்துவிட்டேன். இன்று எழுதுகிறேன் அண்ணா. மலேசியாக்காரருக்குக் கொடுத்துவிடுங்கள். அவர் நன்றாக எழுதட்டும்.

நான் முதல் அத்தியாயத்தைப் பார்த்துக்கொள்கிறேன். கோப்புகள் இறங்கும் நேரத்தில் உங்கள் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அடுத்த பக்கத்தில் என்ன எழுதியிருப்பேன் என்று யோசிப்பேன். முதல் வாக்கியம் ஏப்ரலிலிருந்து மாறிக்கொண்டே இருக்கிறது.

அம்மா சுகம். நான் சுகம். நீங்கள் சுகம் என்று ஒரே ஒரு சொல் அனுப்புங்கள். வேறெதுவும் வேண்டாம்.

நிஷாந்தி


பேர்கன்
08.10.2006

அன்புள்ள நிஷாந்திக்கு,

சுகமாக இருக்கிறேன். இந்த ஒரு சொல்லை ஆகஸ்டிலேயே அனுப்பியிருக்க வேண்டும். தாயாரும் நீங்களும் நலம்தானே. வீட்டாரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதைப் பற்றி இப்போதைக்கு எழுத என்னிடம் எதுவும் இல்லை.

ஜூன் கடிதத்துக்கு மன்னிப்புக் கேட்பதா என்று பல நாள் யோசித்தேன். நீங்கள் அதை விரும்ப மாட்டீர்கள் என்று அறிந்தேன். ஆகவே கேட்கவில்லை. வேலை செய்தேன்.

‘அடுக்கு’ முழுவதையும் திரும்ப எழுதினேன். இனி அது இணைய உலாவிக்குள்ளேயே ஓடும். பைத்தன் வேண்டாம், இறக்க வேண்டாம், நிறுவ வேண்டாம், கறுப்புத் திரையும் இல்லை. பக்கத்தைத் திறந்தால் போதும். உங்கள் இணைய வேகத்தைக் கணக்குப் பார்த்தேன். இரண்டு நிமிடம், மழை என்றால் மூன்று. மூன்று மாதமும் ரோகினியோடு கதைத்ததைவிட இந்த நிரலோடுதான் அதிகம் கதைத்திருப்பேன். அவ கோபிக்கவில்லை. “அந்தப் பிள்ளைக்கெண்டாச் செய்யுங்கோ” என்றா.

பழைய முறையையும் புதியதையும் சேர்த்துப் பராமரிக்க ஒருவனால் முடியாது. பழையதை எடுத்துவிட்டேன். நிறுவும் அத்தியாயத்துக்கு இனி வேலை இல்லை, அதையும் நீக்கிவிட்டேன். இரண்டாம் அத்தியாயத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. அது அப்படியே வெறுமையாக இருக்கிறது. உங்கள் ஒரு மணித்தியாலம் இனி முழுவதும் உங்களுடையது. திறந்து பாருங்கள்.

என்றும் அன்புடன்,
சுகிர்தன்


அக்கரப்பத்தனை
15.10.2006, ஞாயிறு

அன்புள்ள அண்ணாவுக்கு,

போன ஞாயிறு என் மணித்தியாலம் முடியும் நேரத்தில் சுகம் என்ற சொல் கிடைத்தது. நீங்கள் எழுதாமல் விட்டதும் கிடைத்தது. அதைப் பற்றி நான் கேட்க மாட்டேன். அம்மா மாரியம்மனுக்கு உங்கள் வீட்டாரின் பெயரில் விளக்கு வைத்திருக்கிறார். பெயர் தெரியாததால் ‘சுகிர்தனைப் பெத்தவங்க’ என்று சொல்லி வைத்தார்.

இன்று வந்ததும் திறந்தேன். இரண்டு நிமிடம்கூட இல்லை. வாசகசாலைப் பட்டியலைப் போட்டேன். எல்லாப் புத்தகமும் அதனதன் இடத்தில் போய் நின்றது. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜீவராஜ் அண்ணன் கேட்டார். “என்னம்மா, இன்னும் தொடங்கலியா?”

“முடிஞ்சிருச்சிண்ணே.”

“முடிஞ்சிருச்சா? இன்னும் அம்பத்தெட்டு நிமிஷம் இருக்கே.”

“அதாண்ணே, என்ன செய்றதுன்னு தெரியல.”

அவர் என் முகத்தைப் பார்க்காமல் போய்க் கதவைத் துடைத்தார். உங்களுக்குக் கடிதம் எழுதியது அவர்தான் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

பிறகு முதல் அத்தியாயத்தைத் தேடினேன். நீக்கிவிட்டேன் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். இருந்தாலும் தேடினேன். பக்கத்தின் அடிவரை போய்ப் பார்த்தேன். உங்கள் பெயர் மட்டும் இருக்கிறது. கோபம் இல்லை அண்ணா. மூன்று மாதம் உட்கார்ந்து எனக்காக ஒருவர் இதைச் செய்திருக்கிறார் என்பதை ஒரு கிழமையாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன், சொன்னால் குறைந்துவிடும் என்று. அந்தப் பதினொரு படியிலும் ஏப்ரலிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஏறினேன். இனி உலகத்தில் யாரும் அதில் ஏற வேண்டியதில்லை. அது நல்லதுதான். ஆனால் நான் ஏறினேன் என்பதும் இனி யாருக்கும் தெரியாது.

மிச்ச நேரத்தில் இரண்டாம் அத்தியாயத்தைத் தொடங்கினேன். இப்போது அதுதான் முதல் அத்தியாயம். முதல் வாக்கியம் இது: ‘இதைப் படிக்கிறீர்கள் என்றால் நீங்கள் ஏற்கனவே உள்ளே வந்துவிட்டீர்கள்.’ சரியா? வெட்டுவதென்றால் அண்ணியைக் கேட்டுவிட்டு வெட்டுங்கள். அடுத்த ஞாயிறு இன்னும் ஒரு பக்கம் வரும்.

ஒரு உதவி. பழைய அத்தியாயம் உங்களிடம் எங்காவது இருக்கும். அதைத் தாளில் எடுத்து, கீழே பெயரோடு, தபாலில் அனுப்புவீர்களா? அம்மா அதைப் பார்த்ததில்லை. இந்த முழங்காலோடு டவுனுக்கு இறங்க அவரால் முடியாது. விலாசம்: சோ. நிஷாந்தி, மேற்பிரிவு, தோட்ட அலுவலகம், அக்கரப்பத்தனை. லயத்துக்குத் தபால்காரர் வருவதில்லை. கடிதங்கள் ஆபீசுக்குப் போகும். காலையில் பெரட்டுக் களத்தில் எங்களை நிற்க வைத்து வேலைக்குப் பெயர் கூப்பிட்ட பிறகு, கணக்கப்பிள்ளை கடிதம் வந்தவர்களின் பெயரைக் கூப்பிட்டுக் கொடுப்பார்.

தினமும் என் பெயரை ஒரு தடவை கூப்பிடுகிறார். அன்றைக்கு இரண்டு தடவை கூப்பிடுவார்.

உங்கள் தங்கை,
நிஷாந்தி